மறைந்த நண்பரின் குரலைப் பத்திரப்படுத்த

பதினான்கு ஆண்டுகள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்த நண்பர் சென்ற ஆண்டு மறைந்தார். மாடித்தோட்டம் அவருக்கு உயிர். கத்தரியில் மாவுப்பூச்சி என்று சொன்னால் போதும், வாட்ஸ்அப்பில் நீளமாகப் பேசி அனுப்புவார். பின்னால் அவருடைய நாய் மணி குரைத்துக்கொண்டே இருக்கும். என் போன் பழுதானபோது அந்தக் குரல்பதிவுகள் அத்தனையும் போயிருக்கும். நல்லவேளை, தப்பின. அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போனில் அந்த உரையாடலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். ‘மோர்’ என்பதற்குள் ‘எக்ஸ்போர்ட் சாட்’ இருக்கும். படம், ஒலியோடு சேர்த்து மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். மிக நீண்ட உரையாடலில் பழையவை விடுபட்டுவிடும். ஆகவே மனதுக்கு நெருக்கமான பதிவுகளைத் தனித்தனியே அழுத்திப் பிடித்து, பகிர்ந்து சேமிப்பதே நல்லது. கோப்பு ‘ஓப்பஸ்’ வகையில் இருக்கும், கணினியில் வி.எல்.சி செயலியில் ஒலிக்கும். பெயரை ‘மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய்’ என்பதுபோல் மாற்றி வையுங்கள். வெறும் எண்களாக இருந்தால் பிறகு தேடி அலைய வேண்டும்.

120 நாள் பயன்பாடின்றி இருந்தால் வாட்ஸ்அப் பொதுவாக அவருடைய கணக்கை நீக்கிவிடும். உங்கள் போனில் உள்ள உரையாடல் அதனால் அழியாது, பயப்பட வேண்டாம்.

ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு அவர் வீட்டுக்கும் கொண்டுபோனேன். குரல் ஒலித்ததும் மணி ஓடி வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் படுத்துக்கொண்டது.