ஜாவாவிலிருந்து சி++க்கு மாற்றும்போது எந்தக் ‘கூலி’ ஓடும்?

கோவையில் வேலைக்குச் சேரும் புதுப் பசங்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பழைய நிரல் ஒன்றை வேறு மொழிக்கு மாற்றும் வேலைதான். அதிலும் திருப்பூர் ஜாப் ஒர்க் (பிறர் சரக்குக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பது) பில் மாதிரி ஏதாவது இருந்தால், வரிக்கு வரி மாற்றினால் முடிந்தது என்று தோன்றும். கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஒன்றும் சொல்லாது, நிரலும் ஓடும், தொகை மட்டும் தப்பாக வரும். அப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டைனமிக் டிஸ்பேட்ச். அதாவது, ஒரே பெயரில் பல மெத்தட்கள் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகள்) இருக்கும்போது எது ஓட வேண்டும் என்பதை நிரல் ஓடும் நேரத்தில் முடிவுசெய்வது.

ஒரு சின்ன உதாரணம் எடுத்துக்கொள்வோம். ‘வேலை’ என்று ஒரு கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு. அதிலுள்ள ‘கூலி’ மெத்தட் எடையை ரேட்டால் பெருக்கித் தரும். நிட்டிங்குக்கு இது போதும். சாயத்துக்குப் போதாது, டார்க் ஷேடு என்றால் கிலோவுக்குக் கூடுதல் உண்டு. அதனால் ‘சாயவேலை’ என்ற கிளாஸ், ‘வேலை’யை எக்ஸ்டெண்ட் செய்து (‘வேலை’ பெற்றோர், இது பிள்ளை) ‘கூலி’யைத் தன் கணக்குப்படி எழுதிக்கொள்கிறது. 100 கிலோ, ரேட் 80 ரூபாய், கூடுதல் 20 ரூபாய் என்று வைப்போம். (சும்மா எடுத்த எண்கள். இதைக் காட்டி டையிங்கில் பேரம் பேசாதீர்கள்.) வர வேண்டியது 10,000.

ஜாவாவில் ‘வேலை’ வகை மாறியில் சாயவேலை ஆப்ஜெக்டைப் போட்டு ‘கூலி’யைக் கூப்பிட்டால் 10,000 வருகிறது. அதையே சி++இல் ‘வேலை’ பாயின்டர் (ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தின் முகவரி) வழியாகக் கூப்பிட்டால் 8,000 வருகிறது.

மாறியின் வகை என்பது மூட்டைமேல் ஒட்டிய சீட்டு, ஆப்ஜெக்ட் என்பது உள்ளே இருக்கும் சரக்கு. ஜாவா மூட்டையைப் பிரித்துச் சரக்கைப் பார்க்கிறது. சி++, நீங்கள் மெத்தடுக்கு முன்னால் ‘விர்ச்சுவல்’ என்று எழுதாதவரை சீட்டை மட்டும் படிக்கும். இந்த விர்ச்சுவல் நார்வேயில் பிறந்த சிமுலா 67 மொழியிலிருந்து வந்தது. பயன்படுத்தாத வசதிக்கு விலை கொடுக்கக் கூடாது என்பது சி++இன் கொள்கை. விர்ச்சுவல் போட்டால் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் மறைவாக ஒரு பாயின்டரைச் சுமக்கும், 64 பிட் கணினியில் வழக்கமாக 8 பைட். அதனால்தான் கேட்டால் மட்டும் தருகிறது.

பூஜ்ஜியம் வந்திருந்தால் அன்றைக்கே யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். 8,000 நம்பும்படியான தொகை. மாதக் கடைசியில்தான் கணக்கு உதைக்கும்.

படி 1: ஜாவாவில் பட்டியல் போடுங்கள்

எந்த மெத்தடை எந்தக் கிளாஸ் திருப்பி எழுதியிருக்கிறது என்று எடுங்கள். திருப்பி எழுதியதைச் சொல்லும் ‘ஓவர்ரைடு’ குறிப்பைத் தேடினால் பாதி கிடைக்கும். அது கட்டாயமில்லை, ஜாவா 5க்கு முன்பு கிடையவே கிடையாது. ஆகவே எடிட்டரின் கிளாஸ் படிநிலையையும் பாருங்கள். ஸ்டாட்டிக், பிரைவேட் மெத்தட்களை விட்டுவிடலாம், அவற்றுக்கு டைனமிக் டிஸ்பேட்ச் கிடையாது.

படி 2: விடையைக் குறித்துவையுங்கள்

மாற்றத் தொடங்கும் முன்பே, ஒவ்வொரு பிள்ளைக் கிளாஸையும் பெற்றோர் வகை மாறியில் போட்டு ஓட்டி, வரும் தொகையை எழுதிவையுங்கள். ‘சாயவேலை’ வகை மாறியிலேயே போட்டுப் பார்த்தால் இந்தப் பிழை சிக்காது.

படி 3: விர்ச்சுவலும் ஓவர்ரைடும்

பெற்றோரில் விர்ச்சுவல், பிள்ளையில் ஓவர்ரைடு. இரண்டாவது இல்லாமலும் ஓடும்தான். ஆனால் பெற்றோரின் ‘கூலி’யில் கான்ஸ்ட் (ஆப்ஜெக்டை மாற்றாது என்ற குறிப்பு) இருந்து பிள்ளையில் விட்டுப்போனால் அது வேறு ஃபங்ஷன் ஆகிவிடும், திரும்பவும் 8,000. ஓவர்ரைடு போட்டிருந்தால் கம்பைலரே தடுத்துவிடும். சி++11 முதல் இருக்கிற வசதி, இன்னும் போடாமல் இருப்பது வெறும் சோம்பல்.

படி 4: பட்டியலில் எப்படி வைக்கிறீர்கள்?

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஜாவாவில் ‘வேலை’களின் அர்ரே லிஸ்ட் இருந்திருக்கும். அதை அப்படியே சி++இல் ‘வேலை’களின் வெக்டராக எழுதினால், சாயவேலையை உள்ளே போடும்போது ‘வேலை’ அளவுக்கு மட்டும் நகல் எடுக்கப்படும். 20 ரூபாய் கூடுதலைச் சுமந்த பகுதி போயே போச்சு. இதற்கு ஸ்லைசிங் என்று பெயர். விர்ச்சுவல் சரியாக இருந்தும் 8,000தான் வரும், ஏனென்றால் உள்ளே இருக்கும் சரக்கே இப்போது வெறும் ‘வேலை’.

ஜாவா லிஸ்ட் வைத்திருந்தது ஆப்ஜெக்டை அல்ல, அதைக் காட்டும் ரெஃபரன்ஸை. எனவே சி++இல் யூனிக் பாயின்டர்களின் (ஆப்ஜெக்டுக்கு ஒரே உரிமையாளராக இருந்து தானே அழித்துவிடும் பாயின்டர்கள்) வெக்டர் வையுங்கள். ஃபங்ஷனுக்கு அனுப்பும்போதும் ரெஃபரன்ஸாக அனுப்புங்கள்.

அப்புறம், பெற்றோர் கிளாஸின் டிஸ்ட்ரக்டருக்கும் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடுவது) விர்ச்சுவல் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பெற்றோர் பாயின்டர் வழியாக அழிக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தராது.

படி 5: கன்ஸ்ட்ரக்டருக்குள் கூப்பிடுகிறார்களா?

‘வேலை’யின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுவது) ‘கூலி’யைக் கூப்பிட்டால், சி++இல் ‘வேலை’யின் கூலியே ஓடும். ஜாவாவில் சாயவேலையின் கூலி ஓடும். ஆனால் கூடுதல் 20 அப்போது இன்னும் நிரப்பப்பட்டிருக்காது, அது பூஜ்ஜியமாக இருக்கும். இரண்டிலும் 8,000 வரும், காரணம் வேறு வேறு. சி ஷார்ப்பிலோ, 20ஐ அறிவித்த இடத்திலேயே கொடுத்திருந்தால் 10,000 வரும், அங்கே பிள்ளையின் ஃபீல்டுகள் பெற்றோர் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே நிரப்பப்படும். இந்தக் கூப்பிடலைக் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து வெளியே எடுத்துவிட்டு மொழிமாற்றத்தைத் தொடங்குவதே நல்லது.

சரி, சி++க்குப் பதிலாக சி ஷார்ப்புக்குப் போகிறீர்களா? அங்கும் விர்ச்சுவல், ஓவர்ரைடு இரண்டும் வேண்டும். ஓவர்ரைடை விட்டால் பிழை காட்டாது, எச்சரிக்கை மட்டும் வரும், பெற்றோர் வகை மாறியில் 8,000 வரும். எச்சரிக்கைகளைப் பிழையாக நடத்தும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பைதானுக்கு என்றால் விர்ச்சுவல் பற்றிய கவலையே இல்லை, எல்லாமே ஓடும் நேரத்தில் பெயரை வைத்துத் தேடப்படும். ஆனால் ஜாவாவில் ஒரே கிளாஸில் ‘பில்போடு’ என்ற பெயரில், வேறு வேறு வகை உள்ளீட்டுடன் இரண்டு மெத்தட் இருந்தால், பைதானில் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வையுங்கள்.