தப்புக்காரன் காது

ஒரு மார்கழி ராத்திரி. “இந்தக் குளிரிலயும் சில்வண்டு என்னமாக் கத்துது!” என்றேன். “எங்கங்க கத்துது?” என்றாள் மனைவி. அன்றைக்குத்தான் அந்த வண்டு என் இடது காதுக்குள் இருப்பது தெரிந்தது. ஆறு வருடமாயிற்று, இன்னும் கத்துகிறது.

இடது காதுதான் ஏன்? தப்பு மேளத்தை இடது தோளில் சாய்த்து அடிக்கிறவன் நான். பன்னிரண்டு வயதில் காமன் கூத்துக்கு அடிக்கத் தொடங்கினேன். நெருப்பில் வாட்டி விறைத்த தோல் காதுக்கு ஒரு முழம் தள்ளி அதிரும். பகலில் தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபேக்டரியில், கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின் பக்கம் வேலை. சத்தத்துக்குக் குறைவே இல்லை.

கிளினிக்கில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வரைந்து காட்டிய கோடு 4000 ஹேர்ட்ஸ் என்கிற கீச்சுச் சுருதிப் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. சத்தத்தால் கெட்ட காதின் அடையாளம் அது. உள்காதில் சத்தத்தை வாங்கும் மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 15,000 உண்டு. செத்தது திரும்ப முளைக்காது. கவாத்து வெட்டினால் தளிர்க்கத் தேயிலைச் செடியா அது? இந்த இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரையும் கிடையாது. சொட்டு மருந்து விற்கிறவன் பேச்சில் மயங்கிக் காசை விடாதீர்கள்.

மிச்சத்தைக் காப்பாற்றலாம். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் நிற்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மீட்டர் எதற்கு? கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவனிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. திருவிழா முடிந்து காது அடைத்து ‘ஙொய்’ என்றால், அதுவும் எச்சரிக்கைதான். காலையில் சரியாகிவிட்டதே என்று நானும் இருபது வருடம் ஏமாந்தேன். பெட்டி ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காதீர்கள். வெட்டவெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபல் குறையும்.

பஞ்சு வைத்துப் பிரயோசனமில்லை. ஃபார்மசியில் பஞ்சுபோல அமுங்கும் ஃபோம் அடைப்பான் கேளுங்கள். கையைக் கழுவிவிட்டு அதைப் பீடி மாதிரி மெல்லிசாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். அப்போது உள்ளே விட்டு, முப்பது எண்ணும்வரை விரலால் பிடித்திருங்கள். அது உள்ளேயே விரிந்து அடைக்கும். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாக வைத்திருக்கிறீர்கள். பாதி வெளியே துருத்தினால் வைத்தும் வைக்காததுபோலத்தான்.

“அடைச்சுக்கிட்டா தாளம் எப்படி மாமா கேட்கும்?” என்று பொடியன்கள் கேட்டார்கள். கேட்கும், கொஞ்சம் தாழக் கேட்கும். தோளிலும் நெஞ்சிலும் அதிர்கிறதே, அது எங்கே போகும்? ஆனால் வீட்டில் அமைதியாக இருக்கும்போது அடைக்க வேண்டாம். வெளிச்சத்தம் நின்றால் உள்சத்தம் ஏறும்.

கோழியிறகு, நெருப்புக்குச்சி, காய்ச்சிய எண்ணெய் எதுவும் காதுக்குள் போகக்கூடாது. இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலும், தலை சுற்றினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும். நாள் தள்ளத் தள்ள மருந்து பிடிக்காது.

தேத்தண்ணியை விடச் சொன்னார்கள். ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன், வண்டு கவலைப்படவில்லை. மறுபடி குடிக்கிறேன்.

ராத்திரிதான் பாடு. தகரத்தில் மழை கொட்டினால் குழந்தைபோலத் தூங்கிவிடுவேன். மழை இல்லாத நாளில் போனில் மழைச் சத்தம் போடுகிறேன். வண்டை மூழ்கடிக்கிற அளவுக்கு வேண்டாம். அதைவிட ஒரு பிடி தாழ வைத்தால் போதும், மனம் மெல்ல அந்தப் பக்கம் போய்விடும். முதல் வாரம் மனைவி, “மழைன்னு எழும்பி வெளிய காய்ஞ்ச துணியை எடுக்கப் போயிட்டேன்” என்று திட்டினாள்.