பாசிச் சட்டையில் உரிமைக் கொடி கட்டும் முறை

நம் மொழியில் துணி காயப்போடுவதும் கொடி, ஊர்வலத்தில் பிடிப்பதும் கொடி. பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிக் கரைகளில் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் உரிமையைச் சொல்ல இந்த இரண்டையும் ஒன்றாக்கலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலக் கடலோர ஊரான ஹையானிஸில், பெண்கள் மீதான வன்முறையைச் சொல்ல 1990-இல் 31 சட்டைகளைக் கொடியில் தொங்கவிட்டார்கள். அந்த முறை நம் கரைக்கும் பொருந்தும். ஒரே பெரிய பதாகை என்றால் கச்சான் காற்று அதைப் பாய்போலப் புடைத்துக் கிழித்துவிடும். தனித்தனிச் சட்டை என்றால் இடைவெளியில் காற்று போய்விடும்.

ஒரு கொடிக்கு 12 சட்டை போதும். நகரத்திலிருந்து மூட்டையாக வரும் தானத் துணியில் சட்டை தேடாதீர்கள். அதில் எழுத்தை வெட்டித் தைப்பதற்கான பழைய பருத்திச் சேலையை மட்டும் எடுங்கள். சட்டை, கடலில் போட்டுத் தேய்ந்த சட்டையாகவே இருக்கட்டும். அதைக் கொடுப்பவர் விரும்பிக் கொடுக்க வேண்டும், அதில் என்ன சொல் வரவேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். சேலை பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். தாள் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கட்டியானால் பாலியெஸ்டர். பாலியெஸ்டரில் மடிப்பு நிற்காது, தைக்கும்போது நழுவும்.

அடுத்தது உப்பு. பெரும்பாலான வேலை கெட்டுப்போவது இங்கேதான். உப்பேறிய துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; அதன்மேல் பூசும் பெயிண்ட் சில வாரத்தில் உரியும், ஊசி துருப்பிடித்துத் துணியில் கறை வைக்கும். நல்ல தண்ணீர் அரிதான ஊர் என்பதால் ஒரே முறை நிறைய ஊற்றாமல், அரை வாளித் தண்ணீரில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். காய்ந்த பிறகு துணி விறைப்பாக, வெள்ளைக் கோடுகளோடு இருந்தால் இன்னொரு தடவை. கஞ்சி போட வேண்டாம்.

எழுத்தைப் பெயிண்டால் எழுதுவதைவிடத் துணி வைத்துத் தைப்பதே நிலைக்கும். ஐம்பது அடி தூரத்திலிருந்து படிக்க எழுத்து 5 அங்குல உயரம் வேண்டும். சட்டையின் முதுகு அகலம் 18 முதல் 20 அங்குலம்தான். ஆகவே ஒரு சட்டைக்கு ஒரே சொல்: கடல், கூலி, அட்டை (அடையாள அட்டை). பெண்கள் உதவி எண் 181 கச்சிதமாக அடங்கும். ‘சொத்து’ இரண்டு வரி கேட்கும். அதன்கீழ் 1989 என்று போடச் சிலர் விரும்புவார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்த அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் இந்துக் குடும்பங்களுக்கு மட்டுமானது. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் கரையில் ஆண்டு வேண்டாம், சொல்லே போதும்.

தமிழ் எழுத்தில் வளைவு அதிகம். நேராகக் கிழித்த பட்டை வளைவில் சுருங்கி முண்டும். தையல்காரர்கள் ‘கிராஸ் பீஸ்’ என்பார்களே, அப்படிச் சேலையை மூலைவாட்டில் சாய்வாக, ஒன்றேகால் அங்குல அகலத்துக்கு வெட்டுங்கள். இருபுறமும் கால் அங்குலம் மடித்துத் தேய்த்தால் முக்கால் அங்குலக் கோடு கிடைக்கும். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துக்குக் கிராஸ் வேண்டாம், இழுபட்டுக் கோணும். சோப்புச் சில்லால் எழுத்தை வரைந்து, சட்டைக்குள் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதுகும் முன்பக்கமும் சேர்ந்து தைபட்டுவிடும். வளைவின் உள்விளிம்பை முதலில் ஹெம்மிங் போடுங்கள். வெளிவிளிம்பு இழுத்தால் படியும். மாற்றிச் செய்தால் உள்ளே சுருக்கம் விழும், பிறகு நீக்க முடியாது. பருத்தி நூல் உப்புக்கும் வெயிலுக்கும் இற்றுப்போகும் என்பதால் பாலியெஸ்டர் நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள். புள்ளியை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதாக வைக்காதீர்கள். தூரத்தில் புள்ளி மறைந்தால் ‘கடல்’ ‘கடல’ ஆகிவிடும்.

பாறையில் உரசிக் கிழிந்த இடத்தை ஒட்டுப்போட்டு மறைக்காதீர்கள். இந்தக் கொடியில் எழுத்தைவிட அதிகம் பேசுவது அந்தக் கிழிசல். பின்னால் அடர்நிறத் துணி ஒன்றை வைத்து, கிழிந்த விளிம்பைச் சுற்றி நெருக்கமாகச் சங்கிலித் தையல் போட்டால் மேலும் கிழியாது, உள்ளே நிறம் கீற்றாகத் தெரியும். பாசி பறிக்கும்போது விரலில் சுற்றும் கந்தல் துணி இருக்கிறதே, அதில் ஐந்து துண்டை, விரலில் சுற்றிய சுருள் குலையாமல் சட்டைப் பையின் மேல் வரிசையாகத் தைத்தால் அது ஒரு கை.

நிறத்தில் கவனம் வேண்டும். கறுப்பையும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர் கட்சிக் கொடி என்றுதான் நினைப்பார்.

கட்டுவதற்கு 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு 45 அடி. ஒவ்வொரு சட்டையின் இரு கைகளுக்குள்ளும் ஒரு சவுக்குக் குச்சியை நுழைத்து, குச்சியின் இரண்டு முனையையும் கயிற்றோடு கட்டுங்கள். கிளிப் போட்டால் சட்டை மடங்கி எழுத்து தெரியாது, காற்றும் பிடுங்கிப் போகும். கீழ் மடிப்பில் சிறு கூழாங்கற்களை வைத்துத் தைத்தால் சட்டை மேலே சுருளாது. வலை ஈயம் கைக்கு எட்டும், ஆனால் குழந்தைகள் தொடும் பொருளில் ஈயம் வேண்டாம். மணலில் கம்பு இரண்டரை அடி இறங்கினாலும் தனியாக நிற்காது. சாக்கில் மணல் நிரப்பி இரண்டடி ஆழத்தில் புதைத்து, அதிலிருந்து இழுகயிறு கட்டுங்கள். மின்கம்பத்தில் கட்டவே கூடாது. பொது இடமென்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நூல் துணுக்குகளைக் கடலில் விடாமல் பொறுக்கிவிடுங்கள்.

மூன்று நாளுக்கு மேல் தொங்கவிட்டால் வெயில் நிறத்தை எடுத்துவிடும். இறக்கியதும் மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு சுருட்டி வையுங்கள். மடித்தால் எழுத்து முறியும். எந்தச் சட்டை யாருடையது என்பதை எண்ணாக மட்டும் குறித்து, பெயர்ப் பட்டியலைப் பெண்களில் ஒருவரே வைத்திருக்கட்டும். வீட்டில் அடி வாங்கியதைச் சொல்லும் சட்டையில் தெருவும் ஊரும் தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது. கொடுத்தவர் எப்போது கேட்டாலும், கொடி நடுவில் இடம் காலியானாலும், சட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிடுங்கள்.