ஆட்டோமேஷன் போட்டும் ரிலீஸ் ஏன் இழுக்கிறது?

சேலத்தில் கொலுசுக் கடைக்கு பில்லிங், சேகோ ஆலைக்கு எடைக் கணக்கு, ஏற்காடு எஸ்டேட்டுக்குக் கூலிக் கணக்கு என்று எழுதிக் கொடுக்கிற சின்னச் சின்ன மென்பொருள் குழுக்கள் உண்டு. ஐந்தாறு பேர், அதில் டெஸ்டர் ஒருவர், மிஞ்சினால் இருவர். இங்கே அடிக்கடி காதில் விழும் புலம்பல், "ஆட்டோமேஷன் போட்டாச்சு, ஆனா ரிலீஸ் மட்டும் பழையபடி இழுக்குது" என்பது. அதாவது, மென்பொருளைச் சோதிக்கிற வேலையை ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல்களிடம் விட்டாயிற்று, ஆனாலும் புதிய பதிப்பு வெளியாவது தாமதம்தான். டூல் சரியில்லை என்று அடுத்த டூலுக்குத் தாவுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். டெஸ்ட் ஓடி முடிந்து எல்லாம் சரி என்று பச்சை வந்தால், அதை மட்டும் நம்பி யாராவது ரிலீஸ் பட்டனை அமுக்குவார்களா? அமுக்க மாட்டார்கள் என்றால் எத்தனை ஸ்கிரிப்ட் இருந்தாலும் வேகம் வராது, ஏனென்றால் எல்லாவற்றையும் திரும்பக் கையால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

இந்த நம்பிக்கை கெடுவது பெரும்பாலும் சதவீத இலக்கில்தான் ஆரம்பிக்கும். "இந்த வருஷம் எண்பது சதவீதம் ஆட்டோமேட் பண்ணணும்" என்று மேலிருந்து ஒரு மெயில் வந்தால் எல்லோரும் சுலபமானதைத்தான் முதலில் எடுப்பார்கள். லாகின் திரைக்கு இருபது ஸ்கிரிப்ட் இருக்கும். வெள்ளி பில்லோ இன்னும் எக்செல் தாளில் கிடக்கும். எடை கிராமில் மூன்று தசமம், டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி, பழைய வெள்ளிக் கழிவு, அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி, கடைசியில் பைசாவை ரவுண்ட் செய்வது என இத்தனையும் சேர்ந்த கணக்கை ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரு மனுஷன் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பார், ஏழெட்டு பில் தாண்டியதும் கண் தானாக மங்கிவிடும். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கு இது. திரையைத் தொடாமல் நிரலின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் சோதிக்கிற யூனிட் டெஸ்டாக எழுதினால் ஆயிரக்கணக்கான பில்களைச் சில நொடிகளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இதையும் சிலர் திரை வழியாகச் செய்வார்கள். பிரவுசரைத் திறந்து, வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்து, எடையை டைப் செய்து, மொத்தத்தைப் படிக்கிற ஸ்கிரிப்ட். இப்படி பிரவுசரை ஓட்டுகிற செலினியம் 2004-லிருந்து இருக்கிறது, பிளேரைட் 2020-ல் வந்தது, இரண்டுமே நல்ல கருவிகள்தான். ஆனால் ஒரு பட்டன் இடம் மாறினால் நாற்பது ஸ்கிரிப்ட் விழும். அடியில் நிறைய யூனிட் டெஸ்ட், நடுவில் ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) போன்ற சேவை டெஸ்ட், உச்சியில் திரை டெஸ்ட் கொஞ்சம் என்று 2009-லேயே மென்பொருள் நூலாசிரியர் மைக் கோன் பிரமிடு வரைந்து காட்டிவிட்டார். நம் ஆட்கள் அதைத் தலைகீழாகக் கட்டிவிட்டு மெதுவாக ஓடுகிறது என்கிறார்கள்.

சரி, இப்போது பெரிய வில்லனுக்கு வருவோம். நிரலில் எதுவும் மாறாமலேயே காலையில் சிவப்பு, மதியம் பச்சை காட்டுகிற ஃபிளேக்கி டெஸ்ட். கூகுள் நிறுவனத்திலேயே, 2016-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, சுமார் 16 சதவீத டெஸ்டுகளில் இந்தத் தடுமாற்றம் ஏதோ ஓர் அளவில் இருந்தது. அதனால் ஃபிளேக்கி வருவதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை, வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம். "ரீ-ரன் போடு, பச்சையாயிடும்" என்ற பேச்சு குழுவில் ஒருமுறை புழக்கத்துக்கு வந்துவிட்டால் நிஜமான பக் (பிழை) சிவப்பு காட்டும்போதும் ரீ-ரன்தான் போடுவார்கள். பக்கம் வந்துவிட்டதா என்று பார்க்காமல் "மூன்று நொடி காத்திரு" என்று எழுதியது, இரண்டு ஸ்கிரிப்ட் ஒரே வாடிக்கையாளரின் பில்லை ஒரே நேரத்தில் தொடுவது, மார்ச் 31 வரை ஒழுங்காக ஓடிவிட்டு ஏப்ரல் 1 அன்று பில் நம்பர் ஒன்றிலிருந்து தொடங்கியதும் விழுவது என்று காரணம் பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும். கண்டுபிடித்த அன்றே அந்த டெஸ்டை ரிலீஸைத் தடுக்கிற பட்டியலிலிருந்து வெளியே எடுங்கள், ஒருவர் பெயரில் போடுங்கள், அந்த வாரத்துக்குள் சரியாகவில்லையா, அழித்துவிடுங்கள். அழிக்க மனசு வராது, தெரியும். அழியுங்கள்.

அப்புறம், ஆட்டோமேஷன் வந்துவிட்டது என்று மனுஷனை எடுத்துவிடுவது. கொலுசுக் கடை ரசீதில் தமிழ் எழுத்து சரியா என்று ஸ்கிரிப்டிடம் கேட்டால், அனுப்பிய எழுத்தும் எதிர்பார்த்த எழுத்தும் ஒன்றுதான், பச்சை என்று சொல்லும். தாளைக் கிழித்துக் கையில் எடுத்தால்தான் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறி, நடுவில் புள்ளி வட்டம் விழுந்திருப்பது தெரியும்.

ஏற்காடு எஸ்டேட் ஆப் இன்னும் நல்ல உதாரணம். சாயங்காலம் மேஸ்திரி காபிப் பழ மூட்டையை எடைபோட்டு போனில் பதிகிறார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆபீஸில் உட்கார்ந்து எழுதிய ஸ்கிரிப்ட் நெட்டை அணைக்கும், பதியும், நெட்டைப் போடும், எல்லாம் சிங்க் ஆகிவிட்டது என்று சொல்லும். ஆனால் மலைச் சரிவில் நெட் அப்படிச் சுத்தமாகப் போய்விடுவதில்லை, சிக்னல் ஒரு கோடு காட்டிக்கொண்டே இருக்கும், எதுவும் நகராது. பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், சேர்ந்தது என்ற பதில் திரும்பி வராது. மேஸ்திரி மறுபடி அமுக்குவார். ஒரே மூட்டைக்கு இரண்டு கூலி. போனை எடுத்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வழியெல்லாம் பதிந்து பார்க்கிற ஒரு டெஸ்டருக்கு இது மாட்டும். மாட்டியதும் அது ஸ்கிரிப்டின் வேலையாகிவிட வேண்டும். ஒரே பதிவை ஒரே அடையாள எண்ணோடு இரண்டு முறை அனுப்பு, சர்வரில் ஒன்றுதான் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த ரிலீஸுக்கு அதே பக்கைத் தேடி யாரும் மலை ஏறத் தேவையில்லை, புதிதாக வேறு எதையாவது தேடி ஏறலாம்.

எல்லாம் பச்சை என்பதாலேயே ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்புவதும் தவறு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அப்டேட்டும் தானியங்கிச் சரிபார்ப்பைத் தாண்டி வந்ததுதான். சரிபார்க்கிற நிரலிலேயே பக் இருந்தது. முதலில் இரண்டு கடைக்கு மட்டும் கொடுங்கள், ஒரு நாள் வியாபாரம் ஓடட்டும், பிறகு மற்ற கடைகளுக்குக் கொடுக்கலாம்.

கடைசியாக நேரம். மேனுவல் டெஸ்டிங்கை ரிலீஸுக்கு முந்தின இரண்டு நாளில் திணிக்காதீர்கள். ஒரு வசதி பில்டில் (ஓட்டிப் பார்க்கத் தயாரான பதிப்பில்) வந்த அன்றே டெஸ்டருக்கு ஒரு மணி நேரம் கொடுத்து, 'பழைய வெள்ளி மாற்றும்போது பாதியில் மனம் மாறுகிற வாடிக்கையாளர்' என்பது மாதிரி ஒரு தலைப்பை மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். டெஸ்ட் கேஸ் தாள் வேண்டாம், பார்த்ததைக் குறித்துவைத்தால் போதும். அந்தக் குறிப்பில் எதை ஸ்கிரிப்டாக்குவது என்று டெவலப்பரும் டெஸ்டரும் அன்றைக்கே உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம்.