காரமான சென்ட் நாள் முழுக்க நிற்குமா? புதுச்சேரி வெயிலில் நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

"12 மணி நேரம் நிற்கும்" என்று ஒருவர் சொல்வார். "ரெண்டு மணி நேரத்துல காணாம போயிடுச்சு" என்பார் இன்னொருவர். பேசுவது ஒரே பாட்டிலைப் பற்றித்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் தோலும் ஊரும் ஆளுக்கு ஆள் வேறு. குளிர் நாட்டில் கோட்டுக்குள் அடித்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் மணம், மே மாதப் புழுக்கத்தில் நேரு வீதியில் நடக்கும் நமக்குக் கிடைக்காது. அதனால் பட்டை, கிராம்பு, மிளகு மணமுள்ள ஆண்களுக்கான சென்ட்டை முதல் முறை வாங்குகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் அதை ஒரு முழு நாள் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்பேன்.

முதல் படி: மூக்கைப் பழக்குங்கள்

பெரிய மார்க்கெட்டுக்குப் போய் பட்டை, கிராம்பு, ஏலக்காய், மிளகு, ஜாதிக்காய் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இடித்து முகர்ந்து பாருங்கள். கிராம்பு தொண்டை வரை இறங்கும். பட்டையில் இனிப்பும் சூடும் சேர்ந்து வரும். ஏலக்காய் மூக்கில் குளிரும். மிளகுதான் எனக்கு வியப்பைத் தந்தது. நாக்கில் எரியும் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருவது, அதற்கு மணம் கிடையாது. மணம் அதன் எண்ணெயில் இருக்கிறது. அதனால் சென்ட்டில் வரும் மிளகு எரியாது, காய்ந்த மரத்தைச் சீவியது போல இருக்கும். இதை ஒரு முறை கையில் இடித்துப் பார்த்தவருக்குக் கடையில் குழப்பமே வராது.

இப்படி மூன்று நாள் பழகிய பிறகு ஒரு சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது விக்டர் அண்ட் ரோல்ஃப் நிறுவனம் 2012-ல் கொண்டுவந்த ஸ்பைஸ்பாம். கையெறி குண்டு வடிவ பாட்டில். பட்டை, குங்குமப்பூ, இளஞ்சிவப்பு மிளகு, அடியில் புகையிலை, பதனிட்ட தோல் (லெதர்) என்று மணங்கள் அடுக்கடுக்காக வரும்.

இரண்டாம் படி: தோலில் அடியுங்கள்

முகர்ந்து பார்க்கக் கடையில் தரும் காகிதத் துண்டு, பிடிக்காததை ஒதுக்க மட்டுமே உதவும். அதை நம்பி ஒரு பெரிய பாட்டில் வாங்கி வருத்தப்பட்டிருக்கிறேன். காகிதத்துக்கு உடம்புச் சூடும் இல்லை, வியர்வையும் இல்லை. மணிக்கட்டில் ஒரே ஒரு ஸ்ப்ரே போதும். தேய்க்காதீர்கள். உடனே ஏ.சி.யை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சென்ட்தான்.

ஏற்கெனவே தோல் அலர்ஜி உள்ளவர்கள் முதல் நாள் முழங்கை மடிப்பில் சிறு துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கிராம்பில் உள்ள யூஜெனால், பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு என்ற மணப்பொருள்கள் சிலருக்கு அரிப்பு தரும். ஐரோப்பாவில் இவை குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் லேபிளில் பெயர் போட வேண்டும் என்றே விதி இருக்கிறது.

மூன்றாம் படி: மணி பார்த்து எழுதுங்கள்

அடித்து 15 நிமிடம், 1 மணி நேரம், 4 மணி நேரம், 8 மணி நேரம் ஆனதும். இந்த நான்கு நேரங்களில் தோன்றுவதை இரண்டு வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை வகை மணங்கள் முதலில் பறந்துவிடும். அவற்றில் அதிகம் உள்ள லிமோனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, கிராம்பின் யூஜெனாலுக்கோ 254 டிகிரி வேண்டும். கொதிநிலை உயர்ந்தது பொதுவாக மெதுவாகத்தான் ஆவியாகும். காரமான சென்ட்டுகள் நீடித்து நிற்க இது ஒரு காரணம். அடியில் இருக்கும் மரம், பிசின், வனிலா மணங்கள் இன்னும் பொறுமையானவை.

என் குறிப்பு இது. காலை 9 மணிக்குக் கழுத்தில் ஒன்று, மார்பில் ஒன்று அடித்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். கூட்டத்தில் உடம்பு சூடானதும் பட்டை திடீரென்று எழுந்து நின்றது. அந்த நெரிசலில் மூன்றாவது ஸ்ப்ரே அடித்திருந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலை வலித்திருக்கும். மதியம் மஞ்சக்குப்பத்தில் வியர்வையோடு பாதி போய்விட்டது. மாலை திரும்பி வந்து கடற்கரைச் சாலையில் காற்று வாங்கும்போது தோலில் இனிப்பான புகையிலை மட்டும், அதுவும் மூக்கை ஒட்டி வைத்தால்தான். சட்டையிலோ மறுநாள் காலையிலும் இருந்தது. ஆகவே யாராவது "ரெண்டு நாள் நிற்கும்" என்றால், தோலிலா துணியிலா என்று கேளுங்கள்.

நான்காம் படி: அடுத்தவர் மூக்கைக் கேளுங்கள்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே மணத்தை முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு அதைப் பழகிக்கொண்டு, இல்லை என்று சொல்லிவிடும். சென்ட் போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிப்பது இதனால்தான். நான்கு மணி நேரம் கழித்து வீட்டில் ஒருவரிடம், சென்ட் பற்றி எதுவும் சொல்லாமல், "ஏதாவது வாசனை வருதா?" என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டபோது அம்மா, "வெத்தலப் பெட்டி தொறந்த மாதிரி இருக்குடா" என்றார். அதே சென்ட்டை அடித்துக்கொண்டு சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன நண்பர் ஷிப்ட் முடிந்து வந்து, "காலையில நல்லா இருந்துச்சு, இப்ப ஒண்ணுமில்ல" என்றார். வெயிலில் நிற்பவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் ஒரே சென்ட் ஒரே மாதிரி நடக்காது என்பது அப்போதுதான் எனக்கு நன்றாகப் பிடிபட்டது.

ஐந்தாம் படி: வாங்குவது

லேபிளில் ஓ த துவாலெத் என்றிருந்தால் பொதுவாக 5 முதல் 15 சதவீதமும், ஓ த பர்ஃபம் என்றால் 15 முதல் 20 சதவீதமும் வாசனைப் பொருள் இருக்கும். நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், பிரெஞ்சில் 'ஓ' என்றால் தண்ணீர். வியர்வை அதிகம் வருகிறவர்கள் இரண்டாவது வகையை எடுத்து, குறைவாக அடியுங்கள். குளித்த உடனே, வாசனையில்லாத மாய்ச்சரைசர் தடவிய தோலில் அடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். வெள்ளைச் சட்டையில் நேராக அடிக்காதீர்கள், கறை படும்.

முதலில் 5 அல்லது 10 மில்லி மட்டும் வாங்குங்கள். மார்கழியில் ஒரு நாள் இதே சோதனையை மறுபடி செய்து, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு 100 மில்லிக்குப் போகலாம்.