"என் மதம் இதுக்கு ஒத்துக்காது"ன்னு ட்யூட்டில சொல்றதுக்கு முன்னாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாக்டரோ நர்ஸோ பார்மசிஸ்ட்டோ, யாரா இருந்தாலும் என்னைக்காவது ஒரு நாள் இதுல மாட்டுவாங்க. அபார்ஷன், கருத்தடை, வென்டிலேட்டரை எடுக்குறது, சில நாடுகள்ல கருணைக்கொலை, இதுல ஏதோ ஒண்ணு நம்ம நம்பிக்கைக்கு நேர் எதிரா வந்து நிக்கும். இத பத்தி பேச ஆரம்பிச்சாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "வேலைக்கு வரும்போது சாமிய வீட்டுல விட்டுட்டு வா"ன்னு ஒரு கோஷ்டி, "என் மனசாட்சிய கேள்வி கேக்க நீ யாரு"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேர் சொல்றதும் பாதி தான் சரி. 1948ல உலக மருத்துவ சங்கம் கொண்டுவந்த டாக்டர்களுக்கான ஜெனீவா உறுதிமொழிய எடுத்து படிச்சு பாருங்க, மனசாட்சியோட தொழில் பண்ணுவேன்னும் அதுல இருக்கு, எனக்கும் பேஷண்ட்டுக்கும் நடுவுல மதத்த வர விடமாட்டேன்னும் அதே உறுதிமொழில இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து தான் சத்தியம் பண்றாங்க.

என்னை கேட்டா கணக்கு சிம்பிள். நம்பிக்கை உங்களோடது, அதனால வர்ற கஷ்டமும் உங்களோடது தான், அத பேஷண்ட் தலைல கட்டக்கூடாது. கீழ சொல்ற தவறுகள் பெரும்பாலும் இந்த கணக்கை மாத்தி போடறதால வர்றது தான்.

முதல் தவறு, கடைசி நிமிஷத்துல வாய திறக்கறது. இத விட பெரிய தவறு இதுல இல்ல. அபார்ஷனுக்கு வந்த பொண்ணு பேர் லிஸ்ட்ல ஏறி, சாப்பிடாம கொள்ளாம வந்து படுத்ததுக்கு அப்புறம் "நான் இத பண்ண மாட்டேன்"னு சொன்னா, நீங்க மனசாட்சிப்படி நடந்தீங்களோ இல்லையோ, அந்த பொண்ணுக்கு ஒரு நாளோ ஒரு வாரமோ போச்சு. சில விஷயத்துல அந்த ஒரு வாரத்துல சட்டம் குடுத்த கெடுவே தாண்டிடும். இத்தாலில 1978ல வந்த 194ஆம் நம்பர் சட்டம் இத அழகா யோசிச்சிருக்கு, அபார்ஷன் பண்ண மாட்டேன்னு சொல்ற உரிமை உண்டு ஆனா முன்கூட்டியே அதிகாரப்பூர்வமா அறிவிக்கணும், அப்ப தான் ஆஸ்பத்திரி வேற ஆள் பாத்து வைக்க முடியும். (அங்க மகப்பேறு டாக்டர்கள்ல பாதிக்கும் மேல அப்படி அறிவிச்சுட்டதால மிச்சம் இருக்கறவங்க தலைல மொத்த வேலையும் விழுது, அது தனி பஞ்சாயத்து.) ஸ்வீடன்ல இந்த சலுகையே கிடையாது. அபார்ஷன்ல பங்கெடுக்க மாட்டோம்னு சொன்னதால வேலை கிடைக்காம போன ரெண்டு மிட்வைஃப் (பிரசவம் பாக்கறவங்க) ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் வரைக்கும் போனாங்க, 2020ல கோர்ட் அவங்க மனுவ விசாரணைக்கே எடுத்துக்கல. அதனால எந்த நாட்டுல எந்த பிரிவுல வேலைக்கு சேர்றீங்களோ அங்க என்ன விதின்னு கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேட்டு தெரிஞ்சுக்கோங்க, சேர்ந்து மூணு வருஷம் கழிச்சு அதிர்ச்சி ஆகறதுல அர்த்தமே இல்ல.

அடுத்தது, மறுப்பை ரப்பர் மாதிரி இழுத்துக்கிட்டே போறது. ஆபரேஷன் பண்ண மாட்டேன்னு ஆரம்பிச்சு, ஃபார்ம் எழுத மாட்டேன், ஃபோன் எடுக்க மாட்டேன், அந்த பேஷண்ட்டுக்கு பிபி கூட பாக்க மாட்டேன்னு போய் நிக்கும். இதுக்கு ஒரு நல்ல கேஸ் இருக்கு. ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோல லேபர் வார்டு ஒருங்கிணைப்பாளரா இருந்த ரெண்டு மிட்வைஃப், அபார்ஷன் பண்ற மத்த ஸ்டாஃப்ப மேற்பார்வை பாக்கறதும் அவங்களுக்கு வேலை பிரிச்சு குடுக்கறதும் கூட எங்க நம்பிக்கைக்கு விரோதம்னு கேஸ் போட்டாங்க. நடுவுல ஸ்காட்லாந்து கோர்ட் ஒண்ணு அவங்க பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு, ஆனா 2014 டிசம்பர்ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் அத மாத்திடுச்சு, 1967 அபார்ஷன் சட்டத்துல பங்கெடுக்கறதுன்னா நேரடியா கைய வச்சு செய்யறது தான், ரோஸ்டர் (ட்யூட்டி பட்டியல்) போடறதும் மேற்பார்வையும் அதுல வராதுன்னு சொல்லிட்டாங்க. இத்தாலி சட்டமும் கிட்டத்தட்ட இதே கோடு தான், செயல்முறைக்கு மட்டும் தான் விலக்கு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பேஷண்ட்ட கவனிக்கறதுக்கு விலக்கு கிடையாது. அந்த ரெண்டு மிட்வைஃப் மேல எனக்கு ஒரு மரியாதை உண்டு, ஒளிஞ்சு மறைஞ்சு பண்ணாம வெளிப்படையா கேட்டாங்க. ஆனா ரத்தப்போக்கோட வர்ற பொண்ணு எதனால அப்படி வந்தான்னு பாத்து கவனிப்பை கூட்டி குறைக்கற வேலை மட்டும் எந்த மதத்து பேராலயும் வேண்டாம்.

இதோட ஒட்டினது தான் ஆளை பாத்து மறுக்கறது. ஒரு சிகிச்சைய நீங்க யாருக்குமே பண்றதில்லன்னா அது மனசாட்சி. எல்லாருக்கும் பண்ணிட்டு இவங்களுக்கு மட்டும் மாட்டேன்னா அதுக்கு பேர் பாகுபாடு, அவ்ளோ தான். கலிஃபோர்னியால ஒரு லெஸ்பியன் பொண்ணுக்கு கருத்தரிப்பு சிகிச்சை பண்ண மாட்டோம்னு மதத்த காரணம் காட்டின டாக்டர்கள் விஷயத்துல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் 2008ல சொன்னதும் இதான், மத சுதந்திரம் இருக்குங்கறதுக்காக பாகுபாடு சட்டத்துலருந்து தப்பிக்க முடியாது. கல்யாணம் ஆகாத பொண்ணு, எச்ஐவி இருக்கறவர், போதைக்கு அடிமையானவர்னு இந்த லிஸ்ட்ல யார வேணும்னாலும் வச்சு பாருங்க.

பொய் சொல்லி தப்பிக்கறது இன்னொண்ணு, இது நிறைய நடக்குது ஆனா யாரும் இத தப்புன்னே நினைக்கறதில்ல. "ஸ்டாக் இல்லம்மா", "டாக்டர் லீவு", "அடுத்த வாரம் வாங்க". அவசர கருத்தடை மாத்திரைய எடுத்துக்கோங்க, லெவோநார்ஜெஸ்ட்ரல்னா 72 மணி நேரத்துக்குள்ள போடணும், யூலிப்ரிஸ்டல்னா 120 மணி நேரம் வரைக்கும், ஆனா ரெண்டுமே சீக்கிரம் போட்டா தான் நல்லது. இதுல ஸ்டாக் இல்லன்னு ஒரு பொய்ய சொல்லி திருப்பி அனுப்பினா அவங்க வேற கடை தேடறதுக்குள்ள நேரம் போயிடும், அவங்க மறுக்கப்பட்டதே அவங்களுக்கு தெரியாது. மறுக்கறதா இருந்தா நேரா சொல்லுங்க, "இத நான் குடுக்கறதில்ல, இதோ அவர் குடுப்பார்"னு அடுத்த கவுன்ட்டர கைகாட்டுங்க. வேற ஆள் கிட்ட அனுப்பறதே பாவத்துல பங்குன்னு நினைக்கறவங்களும் இருக்காங்க, அந்த தர்க்கம் எனக்கு புரியுது, ஆனா அப்படின்னா ஒத்தை ஆளா நிக்கற கவுன்ட்டர்ல வேலைக்கு சேராதீங்க.

அதே மாத்திரைல இன்னொரு சிக்கலும் இருக்கு. நிறைய பேர் மறுக்கறதே அது கருவை கலைக்கும்னு நினைச்சு தான். லெவோநார்ஜெஸ்ட்ரல் பண்றது முட்டை வெளிய வர்றத தள்ளிப்போடறது, ஏற்கனவே உண்டான கர்ப்பத்த அது ஒண்ணும் பண்ணாது, கரு ஒட்டறத தடுக்காதுன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022 டிசம்பர்ல லேபிள்லயே மாத்தி எழுதிச்சு. உங்க நம்பிக்கைய மாத்திக்க சொல்லல, மருந்து என்ன பண்ணுதுன்னாவது முதல்ல சரியா தெரிஞ்சுக்கோங்க. தடுப்பூசி விஷயத்துலயும் இதே கதை, போன நூற்றாண்டுல கலைச்ச கருவுலருந்து எடுத்து லேப்ல வளர்த்துட்டு வர்ற செல்கள்ல தயாராகுதுன்னு கோவிட் தடுப்பூசிய சிலர் மறுத்தப்ப, வேற வழி இல்லன்னா போட்டுக்கலாம்னு வாட்டிகனே 2020ல அறிக்கை விட்டுச்சு. உங்க மதத்துல படிச்சவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்காம நீங்களா ஒரு தடைய உண்டாக்கிக்கறீங்களான்னும் பாத்துக்கோங்க.

பிரசங்கம் பண்றது. பேஷண்ட் படுத்திருக்கார், பயந்திருக்கார், எழுந்து போக முடியாது, அந்த நேரத்துல நம்ம சாமிய பத்தி பேசினா அவரால மறுக்க முடியுமா? இங்கிலாந்துல ஆபரேஷனுக்கு முன்னாடி பேஷண்ட்டுகள பரிசோதிக்கற ஒரு நர்ஸ், ஃபார்ம்ல மதம்ங்கற கேள்விய வச்சு அதுக்கு மேலயும் மத விஷயமா பேச்ச வளர்த்தாங்க, புகார் வந்து நிறுத்த சொன்னப்புறமும் தொடர்ந்ததால வேலை போச்சு, 2019ல அப்பீல் கோர்ட்டும் அது சரின்னு சொல்லிடுச்சு. இத விட மோசமானது போலந்து கேஸ். 14 வயசு பொண்ணு, பலாத்காரத்தால கர்ப்பம், சட்டப்படி அபார்ஷனுக்கு அனுமதி இருக்கு. ஆஸ்பத்திரில அவ கேக்காமலே ஒரு பாதிரியார கூட்டிட்டு வந்து பேச வச்சாங்க, விஷயம் வெளிய கசிஞ்சு பத்திரிகை வரைக்கும் போச்சு, ஒரு ஆஸ்பத்திரிலருந்து இன்னொண்ணுன்னு அலைய விட்டாங்க. 2012ல ஐரோப்பிய கோர்ட் போலந்து மேல தப்புன்னு தீர்ப்பு குடுத்துச்சு, அந்த பொண்ண மனிதத்தன்மை இல்லாம நடத்தியிருக்காங்கங்கறதும் அதுல சேர்த்தி. இதுல தனித்தனியா ஒவ்வொருத்தரும் என் மனசாட்சிப்படி தான் நடந்தேன்னு சொல்லியிருப்பாங்க, பட்டது யாரு? பேஷண்ட்டே கேட்டு கூட உக்காந்து ஜெபம் பண்ணினா அது வேற.

எமர்ஜென்சில மறுக்கறது பத்தி நீட்டி பேச ஒண்ணுமில்ல. உயிர் போற நிலைன்னா விலக்கு கிடையாதுன்னு பிரிட்டன் சட்டமும் சொல்லுது இத்தாலி சட்டமும் சொல்லுது.

சின்ன சின்ன விஷயங்கள கேக்காமலே சண்டையாக்கறதும் உண்டு. நோன்பு, விரதம் இருக்கும்போது நீளமான ஆபரேஷன் வருதா, முந்தின வாரமே ரோஸ்டர் போடறவங்க கிட்ட சொன்னா மாத்தி குடுப்பாங்க. கைய மறைக்கணும்னு இருக்கறவங்களுக்காக பிரிட்டன்ல முழங்கைக்கு கீழ துணி கூடாதுங்கற விதில 2010லயே வழி பண்ணாங்க, பேஷண்ட்ட தொடும்போது மட்டும் போட்டு கழட்டி எறியற தனி ஸ்லீவுக்கு அனுமதி. கையில கட்டின கயிறு தான் கொஞ்சம் கஷ்டம், கை கழுவும்போது அது ஈரமாவே இருக்கும், கிருமி தங்கும், ஆபரேஷன் தியேட்டருக்குள்ள அத கழட்டி தான் ஆகணும்.

இன்சார்ஜ்களுக்கும் ஒண்ணு. யாராவது தைரியமா வந்து இத என்னால பண்ண முடியாதுன்னு சொன்னா ஸ்டாஃப் ரூம்ல வச்சு கிண்டல் பண்ணாதீங்க, அடுத்த தடவை அந்த ஆள் சொல்லாம ஸ்டாக் இல்லன்னு பொய் சொல்ல கத்துக்குவார். எழுதி வாங்குங்க. எந்த செயல்முறை, எதுவரைக்கும் செய்வேன், எங்க நிறுத்துவேன், அந்த நேரத்துல யார கூப்பிடணும், எமர்ஜென்சின்னா நானே செய்வேன்னு ஒரு வரி, இவ்ளோ தான் வேணும், என்ன மதம் ஏன் நம்பறேங்கற விளக்கம் அதுல தேவையே இல்ல. வாங்கிட்டு ரோஸ்டர பாருங்க, ஒரு ராத்திரி ஷிஃப்ட் முழுக்க மறுக்கறவங்களே இருக்கற மாதிரி மட்டும் போட்டுடாதீங்க.