உபுண்டு லினக்ஸில் பயனர் பெயரையும் ஹோம் ஃபோல்டரையும் (பயனரின் கோப்புகள் இருக்கும் இடம்) மாற்ற

உபுண்டுவை மறுபடி நிறுவியபோது பயனர் பெயர் தப்பாகிவிட்டதா? அந்தக் கணக்கில் இருந்துகொண்டே மாற்ற முடியாது, 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்துவிடும். தற்காலிகமாக இன்னொரு அட்மின் கணக்கு உருவாக்கி, ரீஸ்டார்ட் செய்து அதில் நுழையுங்கள்.

டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) சூடோ யூசர்மாட் (sudo usermod), ஹைஃபன் எல் (-l, சின்ன எழுத்து), புதுப் பெயர், பழைய பெயர் என்று தட்டுங்கள். அடுத்து அதே யூசர்மாட்டில் ஹைஃபன் டி (-d), புது ஃபோல்டரின் முழுப் பாதை, ஹைஃபன் எம் (-m), புதுப் பெயர். எம் விட்டுப்போனால் ஃபோல்டர் நகராது, லாகின் சிக்கும். பயனரின் குழுப் பெயரையும் மாற்ற சூடோ குரூப்மாட் (sudo groupmod), ஹைஃபன் என் (-n), புதுப் பெயர், பழைய பெயர்.

ஃபோல்டர் நகர்வது ஒரே பார்ட்டிஷனுக்குள் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) என்றால் நொடி வேலை. வேறு பார்ட்டிஷனுக்கு என்றால் எல்லாக் கோப்பும் நகலாகும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழைநாளில் கரண்டை நம்பித் தொடங்காதீர்கள், முதலில் பேக்கப், அப்புறம் யூபிஎஸ். பழைய பாதையைத் தேடும் நிரல்களுக்கு, பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (புது ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) போதும்.